புழுவுக்குள் ஒரு மரபணுவைத் துரத்துவது எப்படி

ஒரு மரபணுவின் பெயரை, எந்தப் புரதம் எதோடு இணைகிறது என்று காட்டும் ஸ்ட்ரிங் தளத்தில் தட்டினால் அரை நிமிடத்தில் கலர் கலராக ஒரு சிலந்திவலை வந்துவிடும். நடுவில் உங்கள் புரதம், சுற்றிலும் பத்துப் பதினைந்து உருண்டைகள், இடையில் கோடுகள். எத்தனையோ எம்.எஸ்சி. புராஜெக்ட்டுகள் இந்தப் படத்தை ஒட்டி, "மேற்கண்ட புரதங்கள் இதனோடு இணைகின்றன" என்று ஒரு வரி எழுதி முடிந்துவிடுகின்றன. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினேன். அந்தக் கோடுகளில் எது நிஜமாகவே இரண்டு புரதங்கள் ஒட்டுவதைச் சொல்கிறது, எது யாரோ ஒரு கட்டுரையில் இரண்டு பெயரையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதியதால் விழுந்தது என்று பிரித்துப் பார்க்க ரொம்ப நாள் ஆனது. இரண்டு புரதங்கள் ஒட்ட வேண்டுமென்றால் இரண்டும் ஒரே செல்லில், ஒரே நேரத்தில், செல்லுக்குள்ளும் ஒரே அறையில் இருந்தாக வேண்டும். அதனால் யாரோடு சேர்கிறது என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, எங்கே எப்போது இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். கீழே இருப்பது அந்த வரிசையில்தான்.

புழு என்று நான் சொல்வது சி. எலிகன்ஸ். பள்ளிப் புத்தகத்தில் உருளைப்புழுக்கள் என்று படித்த கூட்டம். வேளாண்மை படித்தவர்கள் நூற்புழு என்பார்கள், அவர்களுக்கு அது தக்காளி வேரில் முடிச்சுப் போடும் எதிரி. நம் ஆள் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தொந்தரவு தராத பிள்ளை, பாக்டீரியா தின்று வாழும் ஒரு மில்லிமீட்டர் பிராணி, உடம்பு கண்ணாடி மாதிரி. சிட்னி பிரென்னர் 1960களில் இதைத் தேர்ந்தெடுத்தார். வளர்ந்த இருபாலுயிரிப் புழுவுக்கு 959 உடல் செல்கள், அதில் 302 நரம்பு செல்கள்; எந்த செல் எதிலிருந்து பிறந்தது என்ற வம்சாவளி முழுவதையும் ஜான் சல்ஸ்டனும் கூட்டாளிகளும் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்து கண்ணால் பார்த்தே வரைந்துவிட்டார்கள். 1998இல் மரபணுத்தொகுதி முழுக்க வாசிக்கப்பட்டது, பலசெல் உயிரிகளில் இதுதான் முதல். புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. எலியில் "கல்லீரலில் இருக்கிறது" என்பதோடு நிற்க வேண்டிய பதிலை இங்கே செல்லின் பெயரைச் சொல்லியே தரலாம், அந்த வசதிக்காகத்தான் இத்தனை பேர் இந்தப் புழுவைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

உதாரணத்துக்கு டாஃப்-16 என்ற மரபணுவை எடுத்துக்கொள்கிறேன். 1993இல் சிந்தியா கென்யன் குழு, டாஃப்-2 மரபணு பழுதான புழு சாதாரணப் புழுவைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வாழ்கிறது என்று காட்டியது. டாஃப்-16ஐயும் கெடுத்துவிட்டால் அந்த ஆயுள் போய்விடுகிறது. பின்னால் கதை விரிந்தது. டாஃப்-2 என்பது இன்சுலின் வகை சிக்னலைப் பிடிக்கும் ஏற்பி. அது வேலை செய்யும்போது ஏஜ்-1, ஏ.கே.டி-1 என்று ஒன்று ஒன்றாகத் தட்டி எழுப்பி, கடைசியில் டாஃப்-16 புரதத்தின் மேல் பாஸ்பேட் முத்திரை குத்துகிறது. முத்திரை விழுந்த டாஃப்-16 நியூக்ளியஸுக்கு வெளியே நின்றுவிடும். சிக்னல் குறைந்தால் உள்ளே போய் மற்ற மரபணுக்களை இயக்கும். நம் உடம்பில் ஃபாக்ஸோ குடும்பப் புரதங்கள் செய்கிற வேலை இதேதான்.

முதலில் பெயர்

இங்கேயே பாதிப் பேர் வழுக்குவார்கள். ஆங்கிலத்தில் மரபணுவைச் சின்ன எழுத்தில் சாய்வாக எழுதுவார்கள், புரதத்தைப் பெரிய எழுத்தில் நேராக. கட்டுரை படிக்கும்போது இதைக் கவனிக்காவிட்டால், தூது ஆர்.என்.ஏ. பற்றிய வரியைப் புரதத்தைப் பற்றியது என்று படித்துவிடுவீர்கள். இது தவிர ஒவ்வொரு மரபணுவுக்கும் வரிசைப்பெயர் ஒன்று உண்டு, டாஃப்-16க்கு ஆர்13ஹெச்8.1, வார்ம்பேஸ் என்ற புழுத் தரவுத்தளம் தரும் நிரந்தர எண் இன்னொன்று. உங்கள் எக்செல் தாளில் அந்த நிரந்தர எண்ணுக்கு ஒரு நெடுவரிசை கட்டாயம் வையுங்கள். ஏனென்றால் செப்-1, ஏப்ர்-1 என்றெல்லாம் இந்தப் புழுவுக்கு உண்மையிலேயே மரபணுக்கள் இருக்கின்றன, எக்செல் அவற்றைக் கண்டவுடன் செப்டம்பர் 1, ஏப்ரல் 1 என்று தேதியாக்கிவிடும். சிரிக்காதீர்கள், பட்டியலில் இரண்டு மரபணு காணாமல் போய் நான் ஒரு மாலை முழுவதும் தேடியிருக்கிறேன்.

எங்கே, எப்போது

வார்ம்பேஸில் மரபணுவின் பக்கத்துக்குப் போய் வெளிப்பாடு என்ற பகுதியைத் திறங்கள். குடல், நரம்பு, தசை என்று ஒரு பட்டியல் வரும். அதை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அது எப்படிப் பார்க்கப்பட்டது என்று இருக்கும், அதைச் சொடுக்கிப் படியுங்கள். மரபணுவை இயக்கத் தொடங்கும் முன்துண்டான ப்ரொமோட்டரை மட்டும், பச்சையாக ஒளிரும் புரதமான ஜி.எஃப்.பி.க்கு முன்னால் ஒட்டிப் பார்த்ததா, இல்லை முழுப் புரதத்தின் வாலில் ஜி.எஃப்.பி.யை ஒட்டியதா? முதல் வகை, எந்த செல்லில் மரபணு இயங்குகிறது என்பதைச் சொல்லும், புரதம் செல்லுக்குள் எங்கே போய் உட்கார்கிறது என்பதைச் சொல்லவே சொல்லாது. மரபணுவுக்கு நடுவில் இருக்கும் கட்டுப்பாட்டுத் துண்டுகளும் அதில் விட்டுப்போகும். கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறை கொண்டு மரபணுவின் சொந்த இடத்திலேயே ஒட்டிய ஜி.எஃப்.பி. இருந்தால் அதைத்தான் நான் முதலில் நம்புவேன்.

டாஃப்-16க்கு இன்னொரு சிக்கல். ஒரே மரபணுவிலிருந்து பல வடிவங்கள் வருகின்றன, வெவ்வேறு ப்ரொமோட்டரிலிருந்து, எல்லாத் திசுவிலும் ஒரே மாதிரி இல்லாமல். எந்த வடிவத்துக்கு ரிப்போர்ட்டர் (இப்படி ஜி.எஃப்.பி. ஒட்டிய அடையாளத் துண்டு) செய்தார்கள் என்று பார்க்காமல் "டாஃப்-16 இங்கே இருக்கிறது" என்று எழுதுவதில் அர்த்தம் குறைவு.

அப்புறம் ஆபரான். பாக்டீரியாவில் படித்திருப்பீர்கள்; இந்தப் புழுவிலும் ஏறக்குறைய 15 சதவீத மரபணுக்கள் வரிசையாக ஒரே ப்ரொமோட்டரின் கீழ் நிற்கின்றன. உங்கள் மரபணு அந்த வரிசையில் இரண்டாவதோ மூன்றாவதோ என்றால், அதற்கு நேர் முன்னால் இருக்கும் துண்டை வெட்டி எடுத்து ரிப்போர்ட்டர் கட்டினால் ஒன்றும் ஒளிராது, அல்லது தப்பாக ஒளிரும். அந்தத் துண்டை நகலெடுக்கத் தேவையான ப்ரைமர் ஆர்டர் செய்வதற்கு முன் வார்ம்பேஸ் வரைபடத்தில் ஒரு முறை பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

ஆர்.என்.ஏ. எண்களுக்கு வருவோம். நரம்பு செல் என்றால் செஞ்சென் என்ற திட்டத்தின் தரவு இருக்கிறது: 302 நரம்பு செல்களையும் 118 வகையாகப் பிரித்து, வகைக்கு வகை எந்த மரபணு எவ்வளவு என்று கொடுத்திருக்கிறார்கள். அதில் வடிகட்டும் அளவு நான்கு படிகளில் இருக்கும்; தளர்வான படியில் பார்த்தால் எல்லா மரபணுவும் எல்லா செல்லிலும் இருப்பது போலத் தோன்றும், இறுக்கமான படியில் நிஜமாக இருப்பதும் மறையும். நான் நடுப்படியில் தொடங்கி, தெரிந்த ஒரு மரபணுவைத் தட்டிச் சரிபார்த்த பிறகுதான் தெரியாததைப் பார்ப்பேன். தொடுதலை உணரும் ஆறு நரம்பு செல்களுக்கு மெக்-7 நல்ல சோதனைக்கல். 1994இல் மார்ட்டின் சால்ஃபி ஜி.எஃப்.பி.யை முதன்முதலாக ஒரு விலங்குக்குள் ஒளிர வைத்ததும் அந்த மரபணுவின் ப்ரொமோட்டரை வைத்துத்தான். ஒன்றை மறக்கக் கூடாது: செஞ்சென் தரவு எல்4 என்ற கடைசி இளம்புழுப் பருவத்தினுடையது. முதிர்ந்த புழுவின் குடலைப் பற்றி அதில் கேட்டுப் பயனில்லை.

முழுப் புழுவை அரைத்து எடுத்த ஆர்.என்.ஏ. தரவில் இருக்கும் பொறி வேறு. முதிர்ந்த இருபாலுயிரியின் வயிற்றில் கருமுட்டைத் திசு பெரும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், கருக்களும் உள்ளேயே இருக்கும். மரபணு பழுதான ஒரு மியூட்டன்ட் நான்கு மணி நேரம் மெதுவாக வளர்கிறது என்று வையுங்கள். முட்டை இன்னும் வராத புழுவையும் வந்த புழுவையும் ஒப்பிட்டு ஆயிரக்கணக்கான மரபணுக்கள் மாறிவிட்டதாகப் பட்டியல் வரும். அத்தனையும் வயசு வித்தியாசம். பட்டியலில் முட்டை மஞ்சள் கரு சம்பந்தமான விட் மரபணுக்கள் மேலே நின்றால் முதலில் சந்தேகப்படுங்கள்.

இதில் டாஃப்-16 இன்னும் விசேஷம். அதன் தூது ஆர்.என்.ஏ. அளவு உங்களுக்குப் பெரிதாக எதையும் சொல்லாது, ஏனென்றால் கட்டுப்பாடு முக்கியமாகப் புரதத்தின் இருப்பிடத்தில் இருக்கிறது. வெளியே நின்றால் சும்மா, உள்ளே போனால் வேலை. ஆகவே அது இயங்குகிறதா என்று அறிய அதன் சொந்த எண்ணைப் பார்ப்பதைவிட, அது இயக்கும் சாட்-3 போன்ற மரபணுவின் எண்ணைப் பாருங்கள். ஆர்.என்.ஏ. எண்களை நிறங்களாகக் காட்டும் வெப்ப வரைபடத்தில் டாஃப்-16 கட்டம் நிறம் மாறவில்லை, ஆகவே இதற்குச் சம்பந்தமில்லை என்று ஒரு கருத்தரங்கில் ஒருவர் சொன்னபோது எனக்கு நாக்கு துடித்தது.

கண்ணால் பார்ப்பது

கம்ப்யூட்டரில் பார்த்ததைப் புழுவில் பார்க்க டி.ஜே.356 என்ற ஆய்வக இனம் இருக்கிறது, டாஃப்-16 புரதத்தோடு ஜி.எஃப்.பி. ஒட்டியது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருக்கும் புழு சேமிப்பு மையத்தில் கேட்டால் அனுப்புவார்கள். வந்து சேர்ந்த தட்டில் புழுக்கள் உருண்டு உருண்டு வட்டமடிப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அடையாளத்துக்காக ரோல்-6 மரபணுவும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள்.

வளர்ப்பது சுலபம். என்.ஜி.எம். அகார் தட்டு, அதில் ஓ.பி.50 என்ற இ.கோலை பாக்டீரியா, 20 டிகிரி. மூன்று நாளில் முட்டையிலிருந்து முட்டை. எல்லாப் புழுவும் ஒரே வயதில் வேண்டுமென்றால் முட்டை நிறைந்த புழுக்களை ப்ளீச்சும் சோடியம் ஹைட்ராக்சைடும் கலந்த கரைசலில் சில நிமிடம் குலுக்குங்கள். புழு கரையும், ஓட்டுக்குள் இருக்கும் முட்டை பிழைக்கும். கண்ணை எடுக்காமல் பாருங்கள், ஒரு நிமிடம் கூடினால் முட்டையும் போய்விடும். எம்9 என்ற உப்புக் கரைசலில் இரவு முழுக்க விட்டால் பொரித்த குட்டிகள் சாப்பாடு இல்லாமல் எல்1 என்ற முதல் இளம்புழுப் பருவத்திலேயே நிற்கும், காலையில் தட்டில் விட்டால் எல்லாம் ஒன்றாக வளரத் தொடங்கும். ஆனால் பட்டினியே டாஃப்-16ஐ நியூக்ளியஸுக்குள் தள்ளும். அதனால் அந்தக் குட்டிகளை உடனே நுண்ணோக்கியில் வைக்காதீர்கள், நன்றாகத் தின்று வளரட்டும்.

வெப்பமும் அப்படியே. அறை வெப்பநிலை என்று வழிமுறைகள் சொல்வது 20 டிகிரி, நம்மூர் மே மாதம் கிடையாது. ஒரு முறை இரவில் கரண்ட் போய் இன்குபேட்டர் நின்றுவிட்டது, காலையில் மறுபடி ஓடிக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. அன்று பார்த்த புழுக்கள் அத்தனையிலும் நியூக்ளியஸ் பச்சைப் புள்ளிகளாக மின்னியது. நான் போட்ட மரபணுதான் காரணம் என்று இரண்டு நாள் மிதந்தேன். ஒப்பிடுவதற்காக அந்த மரபணு போடாமல் வைத்திருந்த தட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதுவும் மின்னிக்கொண்டிருந்தது. அதே விஷயத்தை நல்லதற்கும் பயன்படுத்தலாம்: ஒரு தட்டை வேண்டுமென்றே 35 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்து, நியூக்ளியஸில் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று முதல் நாளே கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்லைடில் ஏற்றியதும் வேகமாகப் படம் எடுங்கள். அகார் மெத்தை மேல் மயக்க மருந்தோடு கிடக்கும் புழுவுக்கு அதுவே ஒரு துன்பம், சில நிமிடங்களில் டாஃப்-16 தானாக உள்ளே போகத் தொடங்கும். ஒரு ஸ்லைடில் முப்பது புழுவை அடுக்கி நிதானமாகப் பார்ப்பதைவிட, எட்டுப் பத்து புழுவாகப் பல ஸ்லைடு போடுவது நல்லது. இன்னொன்று, குடலில் பச்சையாகத் தெரிவதெல்லாம் ஜி.எஃப்.பி. கிடையாது. குடல் செல்களில் இருக்கும் சிறுமணிகள் தானாகவே ஒளிரும், வயசாக ஆகக் கூடும். ஜி.எஃப்.பி. எதுவும் இல்லாத சாதாரண என்2 புழுவை அதே வெளிச்சத்தில், அதே கேமரா அமைப்பில் எடுத்துப் பக்கத்தில் வைக்காத படத்தை நான் நம்ப மாட்டேன்.

டாஃப்-2 பழுதான இனத்தை ஒப்பிட எடுத்தால், அதில் பிரபலமான இ1370 என்ற பழுது கொண்ட புழுவை முட்டையிலிருந்தே 25 டிகிரியில் வளர்க்காதீர்கள். எல்லாம் டாயர் என்ற உறங்குநிலைக்குப் போய் ஊசி போல மெலிந்து கிடக்கும், முதிர்ந்த புழு ஒன்றும் கிடைக்காது.

யாரோடு

இப்போது சிலந்திவலைக்குத் திரும்பலாம். ஸ்ட்ரிங் அமைப்புகளில் இரண்டு மாற்றம் செய்யுங்கள். ஒன்று, கட்டுரைகளில் சேர்ந்து வரும் பெயர் என்ற ஆதாரத்தை அணைத்துவிடுங்கள். இரண்டு, நேரடியாகப் பிணையும் கூட்டங்களை மட்டும் காட்டும் வலைக்கு மாறுங்கள். நம்பகத்தன்மையை 0.7க்கு மேல் வையுங்கள். வலை சட்டென்று மெலியும். மிச்சம் இருப்பதுதான் பேசத் தகுந்தது.

வார்ம்பேஸில் இடைவினைகள் என்ற பட்டியலில் மரபியல் வகை, நேரடி வகை என்று பிரித்தே இருக்கும். டாஃப்-2க்கும் டாஃப்-16க்கும் இடையே இருப்பது மரபியல் வகை: ஒன்றைக் கெடுத்ததன் விளைவை மற்றொன்றைக் கெடுத்து ரத்து செய்யலாம். ஏற்பி செல்லின் சவ்வில் இருக்கிறது, டாஃப்-16 அதைத் தொடுவதாக இதற்குப் பொருள் இல்லை, நடுவில் ஒரு சங்கிலியே இருக்கிறது. மாமியார் ஊருக்குப் போனதால் மருமகள் சிரித்தாள் என்றால் இருவரும் கை கோத்துக்கொண்டு நடந்தார்கள் என்றா அர்த்தம்? அதே போல, சேர்ந்து வெளிப்படுவது என்ற கோடும். ஒரே ஆபரானில் இருக்கும் மரபணுக்கள் இயல்பாகவே சேர்ந்து ஏறி இறங்கும், அவற்றின் புரதங்கள் ஒட்ட வேண்டிய கட்டாயமில்லை.

நேரடி வகையிலும் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பாருங்கள். 2004இல் மார்க் விடால் குழு ஈஸ்ட் இரட்டைக் கலப்பு முறையில் 4,000க்கும் மேற்பட்ட இணைப்புகளை வெளியிட்டது, இன்று தரவுத்தளங்களில் நீங்கள் காணும் புழு இணைப்புகளில் கணிசமானவை அந்த வழியில் வந்தவை. ஈஸ்டின் நியூக்ளியஸுக்குள் இரண்டு புழுப் புரதங்களையும் திணித்து, ஒட்டினால் ஒரு மரபணு இயங்கி ஈஸ்ட் வளரும்படி செய்வார்கள். இதில் இரண்டு பக்கமும் தவறு வரும். தசையில் மட்டும் இருப்பதும் விந்தணுவில் மட்டும் இருப்பதும் ஈஸ்டில் ஒட்டலாம், புழுவில் அவை ஒன்றை ஒன்று பார்த்ததே இருக்காது. இன்னொரு பக்கம், பாஸ்பேட் முத்திரை விழுந்தால்தான் ஒட்டும் ஜோடிகள் ஈஸ்டில் முத்திரை சரியாக விழாமல் தப்பிவிடும். டாஃப்-16 போல மரபணுவை இயக்குவதையே தொழிலாகக் கொண்ட புரதத்தைத் தூண்டிலாகப் போட்டால், இரை எதுவும் மாட்டாமலே ஈஸ்ட் வளர்ந்துவிடும், அதற்குத் தனியாக ஓர் ஒப்பீட்டுச் சோதனை வேண்டும்.

ஆக, ஒவ்வொரு ஜோடிக்கும் பக்கத்தில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: ஒரே திசுவா, ஒரே பருவமா, செல்லுக்குள் ஒரே இடமா. முன்பகுதியில் சேர்த்த வெளிப்பாட்டுத் தகவல் இங்கேதான் பயன்படுகிறது. மூன்றிலும் ஆமாம் என்று வருபவை விரல்விட்டு எண்ணும்படிதான் மிஞ்சும்.

டாஃப்-16க்கு அப்படி மிஞ்சுவதில் முக்கியமானவை 14-3-3 என்ற பெயர் கொண்ட குடும்பத்தின் புரதங்கள். இந்தப் புழுவில் இரண்டே இரண்டு, எஃப்.டி.டி-2, பார்-5. ஏ.கே.டி-1 குத்திய முத்திரையைப் பிடித்துக்கொண்டு டாஃப்-16ஐ வெளியே நிறுத்தி வைப்பது இவற்றின் வேலை என்பது ஒரு பாதி. 2006இல் வந்த இன்னொரு ஆய்வு, வெப்பத் துன்பம் வரும்போது சர்-2.1 என்ற புரதம் இதே 14-3-3களோடு சேர்ந்து டாஃப்-16ஐ இயக்க உதவுகிறது என்றது. அதே கூட்டாளி, நிலைமை மாறினால் வேறு வேலை. கோடு போட்ட படத்தில் இது எப்படித் தெரியும்? சர்-2.1 கதையில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. அதை அதிகமாக்கினால் ஆயுள் நீளும் என்ற முடிவைத் தந்த இனத்தில் வேறொரு பழுதும் ஒட்டிக்கொண்டிருந்தது 2011இல் தெரிய வந்தது. வெளியிலிருந்து வரும் எந்த இனத்தையும் என்2வோடு சில முறை பின்கலப்பு செய்து (அதாவது மறுபடி மறுபடி இணைய விட்டு, வேண்டாத பழுதைக் களைந்து) விட்டுத்தான் தொடுங்கள், சலிப்பான வேலைதான், செய்யுங்கள்.

கடைசி சோதனை

காகிதத்தில் மிஞ்சிய ஜோடியைப் புழுவில் சோதிக்க மலிவான வழி, தீனி வழி ஆர்.என்.ஏ.ஐ. ஹெச்.டி.115 பாக்டீரியாவில் எல்4440 என்ற பிளாஸ்மிடில் (வட்ட டி.என்.ஏ.வில்) உங்கள் மரபணுத் துண்டு, அதை இயக்கிவிடும் ஐ.பி.டி.ஜி. என்ற வேதிப்பொருள் கலந்த தட்டில் அது இரட்டை இழை ஆர்.என்.ஏ. தயாரிக்கும், புழு தின்றால் அந்த மரபணு அடங்கும். இந்த அடக்குதலைக் கண்டதற்குத்தான் ஆண்ட்ரூ ஃபயருக்கும் கிரெய்க் மெல்லோவுக்கும் 2006இல் நோபல். அஹ்ரிங்கர் நூலகம் என்ற பாக்டீரியாத் தொகுப்பில் பெரும்பாலான மரபணுக்களுக்குப் பாக்டீரியா தயாராகவே கிடைக்கிறது, ஆனால் குப்பியில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றா என்று வரிசைப்படுத்திப் பார்த்துவிடுங்கள். நரம்பு செல்களில் இந்த முறை சரியாக எட்டாது. நரம்பு சம்பந்தமான கேள்வி என்றால் அதற்கென்று கூருணர்வு ஏற்றப்பட்ட இனம் எடுக்க வேண்டும்.

டி.ஜே.356 புழுவுக்கு நான்கு தட்டு போடுங்கள். வெற்று எல்4440 ஒன்று. ஜி.எஃப்.பி.யையே அடக்கும் தட்டு ஒன்று, அதில் பச்சை மங்கவில்லையென்றால் உங்கள் ஐ.பி.டி.ஜி. பழசு, மற்ற தட்டுகளைப் பார்க்கவே வேண்டாம். மூன்றாவது எஃப்.டி.டி-2. அதை அடக்கினால் டாஃப்-16 நியூக்ளியஸில் சேர்வதை 2007இலேயே காட்டியிருக்கிறார்கள், உங்களுக்கும் வர வேண்டும். நான்காவது பார்-5. இந்த இரண்டும் வரிசையில் மிக ஒத்தவை, ஒன்றுக்குப் போட்ட ஆர்.என்.ஏ. மற்றொன்றையும் அடக்கிவிடலாம், அதனால் இரண்டும் வேறுபடும் வால்பகுதியிலிருந்து துண்டு எடுத்தால் நல்லது. பார்-5 குறைந்தால் கரு முதல் பிரிவிலேயே தடுமாறி முட்டை பொரிக்காது, ஆகவே எஃப்.டி.டி-2 தட்டில் செத்த முட்டைகள் குவிந்திருந்தால் குறி தப்பிவிட்டது என்று கண்டுபிடிக்கலாம்.

எண்ணும்போது வெளியே, நடுத்தரம், நியூக்ளியஸில் என்று மூன்று வகை போதும். நடுத்தரம்தான் வம்பு, எந்தத் தட்டு என்று தெரிந்தால் கை தானாக நமக்கு வேண்டிய பக்கம் சாயும். பக்கத்து மேஜைக்காரரை விட்டுத் தட்டுகளின் பெயர் மேல் டேப் ஒட்டி நம்பர் போடச் சொல்லுங்கள். டீ வாங்கித் தருவதாகச் சொன்னால் செய்வார்கள். எண்ணி, நோட்டில் எழுதி, வார்ம்பேஸின் எந்தப் பதிப்பில் பார்த்தீர்கள் என்ற எண்ணையும் அதே பக்கத்தில் குறித்துவிட்டு, அப்புறம் டேப்பை உரியுங்கள்.